புள்ளி முன்னா, பின்னா?



தட்டச்சுப் பயிலகத்தில் 'க்' அடிக்கக் கற்றது இன்னும் என் விரலில் இருக்கிறது. முதலில் புள்ளி, பொறியின் வண்டி நகராது. அதன்மேல் 'க', அப்போதுதான் நகரும். பின்னாளில் கணினி முன் உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழ். 'க' முதலில், புள்ளி பிறகு. பல மாதங்கள் புள்ளிகள் என் பேச்சைக் கேட்கவே இல்லை.

இந்தக் கருத்தரங்குக்குத் தொழில்நுட்பத்தின் 'தாக்கம்' என்று தலைப்பு வைக்காத அமைப்பாளர்களுக்கு நன்றி. தாக்கம் என்றாலே கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்த கல் நினைவுக்கு வருகிறது. பொறி எங்கிருந்தோ விழுவதில்லை. யாரோ சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து எடுக்கும் முடிவுதான் பொறியாகிறது.

பழைய 'லை', 'ணை'க்கு மேலே துதிக்கை போல வளைந்த கொம்பு இருந்ததை மூத்தவர்கள் அறிவீர்கள். பெரியார் 1935-இல் தம் குடி அரசு இதழில் அதை விட்டார். அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அரசாணை வந்தது 1978-இல். இடையில் 43 ஆண்டுகள், ஊரறியச் சண்டை போட்டோம். பொறிக்காக எழுத்தை மாற்றினோம்தான். ஆனால் நாமே பேசி மாற்றினோம்.

1991-இல், உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் இடம் கொடுக்கும் யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழ் ஏறியபோது அப்படி ஒரு பேச்சு ஊரில் இல்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்திருந்த இஸ்கி முறையின் 1988 வடிவத்தைப் பின்பற்றினார்கள். மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்பது நம் இலக்கணம். அங்கேயோ அகரமேறிய 'க' அடிப்படை. புள்ளி வைத்தால்தான் மெய். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், மூன்று என்பாள். கணினி ஐந்து என்கிறது. நாம் விழித்துக்கொண்டு வாதாடியபோது காலம் கடந்திருந்தது. ஒருமுறை கொடுத்த இடத்தை யூனிகோடு மாற்றுவதில்லை.

மறுபக்கமும் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதில் 'ம' இரண்டு முறை தட்டினால் முதல் 'ம' தானே புள்ளி வைத்துக்கொள்ளும். 'ங'வுக்குப் பின் 'க' தட்டினால் 'ங்க'. மெய்ம்மயக்க விதி விசைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது! தமிழ்க் கணிமையில் இதைவிட அழகான வேலையை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஊர் வேறு பாதையில் போனது. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்தென்றால் 160 இடம், தமிழென்றால் 70. அந்த 70-இலும் புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம். காசு கொடுத்து அனுப்பும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆங்கில எழுத்தில் 'சாப்டியா' என்று கேட்டார்கள். இன்று அந்த 70-ஐப் பற்றி யாருக்கும் கவலையில்லை, பழக்கம் மட்டும் போகவில்லை. மென்பொருள் நிறுவனங்கள்தான் இறங்கிவந்து, ஆங்கில எழுத்தில் அடித்ததைத் தமிழாக்கிக் காட்டும் விசைப்பலகைகளைக் கொடுத்தன. யார் யாரை வளைத்தார்கள் என்று இதில் எப்படிப் பிரிப்பது?

இப்போது செயற்கை நுண்ணறிவு. அந்தப் பொறிகள் உரையைத் துண்டு துண்டாக நறுக்கிப் படிக்கின்றன. ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பெரும்பாலும் கூடுதல் துண்டுகள் ஆகின்றன. துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடத்தில் தமிழில் கேட்பவர் கூடுதலாகக் கொடுக்கிறார். 70 இடக் கணக்கு வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். நீங்கள் ஆராய்ந்த கருவி எதுவானாலும், அதன் முடிவுகளை எடுத்தவர் யார், எந்த ஆண்டில், யாரைக் கேட்காமல் எடுத்தார் என்று ஒரு பத்தியாவது சொல்லுங்கள். கட்டுரைக்கு 15 நிமிடம். மணி அடிப்பதில் நான் கறார். முதல் அமர்வுக்குரியவர்கள் மேடைக்கு வரலாம்.