படகோட்டிப் பெண்ணும் இளவரசனும்: வரலாற்றுப் புதினங்களில் பொருத்தமற்ற காதல்



பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படும் ஒரு பொருளை இன்று நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம். வரலாற்றுப் புதினங்களில் வரும் காதலர் பெரும்பாலும் ஒத்த நிலையினர் அல்லர். ஒருவர் அரியணைக்கு உரியவராக இருப்பார். மற்றவர் சிற்பியின் மகளாகவோ, ஓடம் செலுத்துபவளாகவோ, பகைவன் மகளாகவோ இருப்பார். இந்த ஏற்றத்தாழ்வு ஏன் நம்மை இவ்வளவு ஈர்க்கிறது என்பதே நம் வினா.

தமிழ் மரபில் இவ்வினா பழமையானது. தொல்காப்பியம் காதலர்க்குப் பத்துப் பொருத்தங்களைக் கூறுகிறது. பிறப்பு, ஒழுக்கம், வயது, உருவம், அன்பு, அறிவு, செல்வம் ஆகியன அவற்றுள் அடங்கும். தலைவன் தலைவியினும் உயர்ந்தவனாக இருப்பதற்கு மட்டும் அந்நூல் தடை சொல்லவில்லை. தலைவி உயர்ந்திருப்பதற்கு அவ்வாறு இடந்தரவில்லை. பொருந்தாத காமத்தைப் பெருந்திணை எனப் பிரித்து, அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது இலக்கணம். அங்ஙனம் ஓரத்தில் நிறுத்தப்பட்ட பொருத்தமின்மையை நடுவே கொண்டுவந்து வைத்தது இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றுப் புதினம்.

கல்கியின் மூன்று புதினங்களை நோக்குவோம். ‘பார்த்திபன் கனவு’ சோழ இளவரசன் விக்கிரமனையும் அவன் தந்தையைப் போரில் வென்ற பல்லவ வேந்தனின் மகள் குந்தவியையும் இணைக்கிறது. 1944இல் தொடங்கிய ‘சிவகாமியின் சபதம்’ ஆயனச் சிற்பியின் மகளாகிய ஆடலரசியையும் காஞ்சிப் பட்டத்து இளவரசன் மாமல்லனையும் பற்றியது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ கோடிக்கரை ஓடக்காரி பூங்குழலியின் உள்ளத்தில் சோழ இளவரசன் அருள்மொழியை வைக்கிறது.

மொழியியல் மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்று இங்கு உண்டு. இக்காதலரின் ஏற்றத்தாழ்வை அணிகலனும் அரண்மனையும் காட்டுவதை விட முன்னிலைச் சொற்கள் தெளிவாகக் காட்டுகின்றன. மாமல்லன் சிவகாமியை ‘நீ’ என்கிறான். அவள் அவனைப் ‘பிரபு’ என்கிறாள். வந்தியத்தேவனும் குந்தவையும் பேசும்போது நிலை தலைகீழாகிறது. ‘தேவி’ என்றும் ‘தாங்கள்’ என்றும் பணிபவன் ஆடவன். ஆயின், புறநானூற்றுப் புலவர்கள் வேந்தரை நேர்நின்று பாடுகையில் பெரும்பாலும் ‘நீ’ என்றே விளித்தனர். அங்கே ‘நீ’ என்பது ஒருமையைக் குறித்ததேயன்றித் தாழ்வைக் குறிக்கவில்லை. தன்னைச் சுட்டும் ‘தாம்’ என்னும் சொல்லின் வழிவந்த ‘தாங்கள்’ முன்னிலையில் மதிப்புச் சொல்லாக அமைந்தது பிற்கால வளர்ச்சி. எனவே, இப்புதினங்களில் நாம் கேட்பது பல்லவர் காலத்துப் பேச்சன்று. கல்கி காலத்துத் தமிழர் தம் வீட்டிலும் அலுவலகத்திலும் அறிந்திருந்த உயர்வு தாழ்வின் பேச்சு. படிப்பவர் தம் காலத்து வேலியைப் பழங்காலத்து உடையில் காண்கிறார். ஈர்ப்பின் முதற்காரணம் இதுவென நாம் கருதுகிறோம்.

இரண்டாம் காரணம், காலத்தின் தொலைவு தரும் பாதுகாப்பு. சாதியும் சாதகமும் பார்த்து மணம் முடிக்கும் குடும்பத்தில், அடுத்த தெருக் காதலைப் பற்றிப் பேசுவது அரிது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முந்தைய காதலைத் தாயும் மகளும் ஒரே வார இதழில் படிக்கலாம்; சிவகாமிக்காக வெளிப்படையாகவே கண்ணீர் விடலாம். வாய்விட்டுச் சொல்ல இயலாத ஆசைக்கு வரலாறு ஒரு மறைப்பைத் தந்தது.

ஆயினும், கதை எவ்வாறு முடிகிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். வாதாபி எரிகிறது, சிவகாமியின் சபதம் நிறைவேறுகிறது, ஆனால் அதற்குள் மாமல்லன் பாண்டியன் மகளை மணந்துவிட்டான். சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். பூங்குழலிக்கு அருள்மொழி கிட்டவில்லை. அவள் மணக்கும் சேந்தன் அமுதனோ பூத்தொண்டு செய்யும் எளியவன் என்றிருந்து, இறுதியில் அரச குலத்தவன் எனத் தெரிகிறது. இளவரசியை விரும்பும் வந்தியத்தேவனுக்கும் பழம்பெரும் வாணர் குலம் துணை நிற்கிறது. விக்கிரமனும் குந்தவியும் இணைகின்றனர் என்றால், இருவரும் அரச குலத்தவர். ஆக, பகை என்னும் வேலியைக் காதல் தாண்டுகிறது. பிறப்பு என்னும் வேலியைத் தாண்டவில்லை. தாண்ட முயன்ற பெண்ணே விலை கொடுக்கிறாள். புதினம் நம் ஆசையைக் கிளர்த்திவிட்டு, பழைய ஒழுங்கைச் சேதமின்றித் திருப்பித் தந்துவிடுகிறது.

இதற்கு மாற்றான முடிவும் தமிழில் உண்டு. பில்கணன் கதையைத் தழுவிப் பாரதிதாசன் பாடிய ‘புரட்சிக்கவி’யில் உதாரன் என்னும் கவிஞன் அரசன் மகள் அமுதவல்லியை விரும்புகிறான். கொலைக்களத்தில் அவனைக் காப்பது மறைந்திருந்த குலப்பெருமை அன்று, திரண்டெழுந்த மக்கள். பொருத்தமின்மை காதலரிடத்தே இல்லை, அதை அளக்கும் கோலிலேயே உள்ளது என்று அக்காவியம் கருதுகிறது.

இந்நாட்டு மாணவர்க்கு இது தொலைவுச் செய்தியன்று. சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் சோழர் படைத்தலைவன் கருணாகரனின் உள்ளம் கவர்ந்த காஞ்சனாதேவி கடாரத்து இளவரசி. அக்கடாரமே இன்றைய கெடா மாநிலம். அவளும் அவனும் ஒரே இலக்கியத் தமிழில் உரையாடுகின்றனர். இரு வேறு மண்ணினர் எம்மொழியில் பேசியிருப்பர், யார் யாருடைய மொழியைக் கற்றிருப்பர் என்ற வினாவைப் புதினம் எழுப்பவில்லை. பல மொழிகள் வழங்கும் நாட்டில் வாழும் நம் மாணவர் அதை எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, இப்புதினங்களை வகுப்பறையிலிருந்து விலக்க வேண்டா. அறுநூறு பக்கங்களையும் இறுதிவரை படிக்கச் செய்யும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. அது தமிழுக்கு ஆக்கம். ஆனால் படித்து முடித்த மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். யார் யாரை ‘நீ’ என்றார்? யார் விட்டுக்கொடுத்தார்? பூங்குழலி விரும்பியவனை மணந்திருந்தால் எது குலைந்திருக்கும்? மூன்றாம் வினாவுக்கு மாணவர் விடை தேடும்போது சோழநாட்டை மட்டும் எண்ணமாட்டார். தம் வீட்டையும் எண்ணிப் பார்ப்பார். பொருத்தம் என்னும் சொல்லை நாளை அவரே தம் வாழ்வில் எதிர்கொள்ளும்போது, அச்சொல்லுக்குள் எவை எவை அடங்கிக் கிடக்கின்றன என்பதை அவர் முன்னரே அறிந்திருப்பார்.