மூடின பிறகு உள்ளே யார் பாக்கப் போறாங்க?

(மானகிரியில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘பிள்ளைகளின் பொழுதுபோக்கு – வளர்ச்சியா? வீணா?’ ‘வளர்ச்சியே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “லீவு நாள்ல பையன் பிளாஸ்டிக் ஏரோப்ளேன் ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். ஒட்டி முடிச்சா அது பறக்குமா?”ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. பறக்காது அய்யா. சத்தியமாப் பறக்காது. உங்க பையன் வாங்கின மார்க் ஷீட்டை மொட்டை மாடியிலேருந்து விட்டுப் பாருங்க, அது கொஞ்சம் பறக்கும். (சிரிப்பு, கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். எனக்குத் தெரிஞ்ச விமானம் சீவக சிந்தாமணியில் வர்ற மயிற்பொறிதான். சச்சந்தன் செய்யச் சொல்லி, விசயைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தானே, அது. அதற்கும் பல நூற்றாண்டு முந்தி, பிள்ளைகள் விளையாடச் செய்த சிறுதேரைச் சங்கப் புலவர் பாடியிருக்கிறார். ஏறி ஊர முடியாத தேர். பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குக் கடைசிப் பருவமே சிறுதேர்ப் பருவம்தான். ஏற முடியாத தேரை இலக்கியத்தில் ஏற்றி வைத்தவன் தமிழன். அவன் பேரன் பறக்காத விமானத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா?

காரைக்குடியில் எங்க தெருவில் ஒரு தம்பி. பிளஸ் ஒன். சிங்கப்பூரில் இருக்கிற அவன் மாமா ஓர் அட்டைப் பெட்டி அனுப்பியிருந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள். முறுக்கு அச்சில் மாவு பிழிஞ்ச மாதிரி அதில் சின்னச் சின்ன உறுப்புகள் ஒட்டிக்கிட்டிருக்கு. ஒன்றுக்கு எழுபத்திரண்டு என்ற அளவு. ஆறடி மனுஷன் அதில் ஓர் அங்குலம்! நிஜ விமானம் 35 அடி நீளம். இவன் கையில் இருக்கிறது 15 சென்டிமீட்டர். ஜாமெட்ரி பாக்ஸில் கிடக்கிற ஸ்கேல் நீளம். இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1953-இல் இந்த அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்தைப் போட்டது. அதிலேருந்து உலகம் முழுக்க அப்பாமார் திட்டிக்கிட்டேதான் இருக்காங்க, பிள்ளைகள் ஒட்டிக்கிட்டேதான் இருக்காங்க.

வேலை லேசில்லை. முதல்ல உறுப்புகளைச் சோப்புத் தண்ணியில் கழுவணும், அச்சிலேருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா வண்ணம் நிக்காது. பிளேடால் வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். இதுக்குன்னு இருக்கிற பசை பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றோடொன்று சேர்க்கும். ஒரு சொட்டு கூடினா உருவம் போச்சு. இரண்டு பாதி உடம்பையும் சேர்த்தால் நடுவில் ஒரு கோடு தெரியும். அதுக்குப் பட்டி பார்க்கணும். நம்ம வீட்டுச் சுவருக்குப் பார்க்கிற அதே பட்டிதான், இங்கே ஊசி முனையில். அப்புறம் பிரைமர். அப்புறம் வெளிர் வண்ணம் முதலில், அடர் வண்ணம் பின்னால்.

வண்ணத்தில் ஒரு கணக்கு இருக்கு, அந்தத் தம்பிதான் எனக்குச் சொன்னான். “சார், நான் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கனமாப் பூசினா, நிஜ விமானத்துல அது ஏழு மில்லிமீட்டர். பெயின்ட் பூசின மாதிரி இருக்காது, சாந்து பூசின மாதிரி இருக்கும்.” பிரஷ் முடி ஒண்ணு ஒட்டிக்கிட்டா, அந்த விமானத்து மேல ஒரு கயிறு கிடக்கிற மாதிரி! கணக்கில் பாதி மார்க் வாங்குகிற பையன் அய்யா இவன்.

சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல பூச்சு பூசி, கண்ணாடி மாதிரி இழைச்ச சுவர் உள்ள ஊர் இது. ஒரு பூச்சு காயாம அடுத்த பூச்சு போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? பக்கத்தில் ஆத்தங்குடியில் கண்ணாடி மேல முதல்ல வண்ணத்தை ஊற்றிப் பூ வரைஞ்சு, அதுக்குப் பின்னால் சிமெண்டைக் கொட்டுறாங்க. பூ முந்தி, கல் பிந்தி. இவனுக்குக் கல் முந்தி, பூ பிந்தி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உடம்பை ஒட்டி மூடுறதுக்கு முன்னால், விமானி உட்கார்ற அறைக்குள்ள இந்தப் பையன் இரண்டு நாள் வண்ணம் பூசினான். இருக்கை, இடுப்புப் பட்டை, கடிகார முகங்கள். அவன் அப்பா பக்கத்தில் நின்னு பார்த்தார். “ஏன்டா, மூடின பிறகு உள்ளே யார் பாக்கப் போறாங்க?”ன்னார். பையன் தலை நிமிராமல் சொன்னான், “நான் பாத்துட்டேன்லப்பா.” (கைதட்டல்)

தாய்மார்களே, இந்தப் பதிலை எந்த டியூஷனில் சொல்லிக் கொடுக்கிறாங்க? பாலத்துக்குள்ள கம்பி சரியா இருக்கான்னு மூடின பிறகு யார் பாக்கப் போறா? ஆபரேஷன் முடிஞ்சு தையல் போட்ட பிறகு உள்ளே யார் பாக்கப் போறா? செஞ்சவன் ஒருத்தன்தான் பார்த்திருக்கான். அவன் இந்தப் பையன் மாதிரி இருக்கணும்னு நானும் வேண்டிக்கிறேன், நீங்களும் வேண்டிக்கிறீங்க.

‘விளையாட்டு’ன்னு எதிரணி ஒரே வார்த்தையில் ஒதுக்கினீங்க. 1942-இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டது ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள். இதே எழுபத்திரண்டு அளவு, மரத்தில், கறுப்பு வண்ணம். 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், நிஜ விமானம் அரை மைலுக்கு அப்பால் தெரிகிற மாதிரி இருக்கும். நம்ம விமானமா, எதிரி விமானமான்னு சிப்பாய்க்குச் சொல்லிக் கொடுக்க அது பாடப் பொருள். நம்ம நாட்டில் என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் இன்றைக்கும் பயிற்சியாகவே இருக்கு.

“போர் விமானம் செய்யுற பிள்ளைக்குப் போர்ப் புத்திதானே வரும்?”னு இன்னொரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கொஞ்சம் நின்னு பதில் சொல்றேன்.

அந்தத் தம்பி செய்த விமானத்துக்கு டிஃபையன்ட் என்று பேர். இங்கிலாந்து விமானம், இரண்டாம் உலகப் போர்க் காலம். இரண்டு பேர் போவாங்க. முன்னால் விமானி. பின்னால் சுழல்கிற கூண்டுக்குள் ஒருத்தர், அவர் கையில் நான்கு துப்பாக்கிகள். முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கி கூடக் கிடையாது. கடைசியில் தண்ணியில் நனைச்சு எழுத்துகள் ஒட்டணும். ‘பி.எஸ்.’ என்ற இரண்டு எழுத்து. அது எந்த அணின்னு தம்பி தேடிப் பார்த்திருக்கான். 264ஆம் அணி. அதன் முழுப் பெயர் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ அணி! போருக்கு நிதி கொடுத்த நாடுகள், மாகாணங்களின் பெயரை விமான அணிகளுக்கு வைக்கிறது அன்றைய வழக்கம். இந்த மானகிரி அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லா, சென்னை மாகாணம். உங்க ஊர் அடங்கிய மாகாணத்தின் பேர் அந்த அணிக்கு இருந்தது.

1940 மே 29-இல், டன்கர்க் வானில், ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக அந்த அணி கணக்குக் கொடுத்தது. அது கூடுதல் கணக்குன்னு பின்னால் ஆராய்ந்தவங்க சொல்றாங்க. முன்பக்கம் துப்பாக்கி இல்லைன்னு எதிரி கண்டுபிடிச்சுட்டான். அந்த ஆகஸ்ட் கடைசியில் சில நாளிலேயே பல விமானங்களையும் ஆட்களையும் இழந்து, பகல் சண்டையிலேருந்து விலகினாங்க. பிறகு இரவுச் சண்டைக்குக் கறுப்பு வண்ணம் பூசி அனுப்பினாங்க.

தம்பி இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கிட்டிருந்தப்ப அவன் அப்பத்தா, எண்பதைத் தாண்டினவுக, விமானத்தை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாக. கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாக. கேட்டது ஒரே கேள்வி: “ஏப்பா, இந்தப் பின்னாடிக் கூண்டுல இருக்கானே, தீப்பிடிச்சா இவன் எப்படிப்பா இறங்குவான்?”

பையனுக்குப் பதில் தெரியலை. படிச்சுட்டு மறுநாள் வந்து சொன்னான். கூண்டு சரியான திசையில் நின்னாத்தான் லேசா வெளியே வரலாம். அடிபட்டுக் கூண்டு சுத்தாம நின்னுட்டா, பின்னால் இருக்கிறவர் தப்பிக்கிறது ரொம்பக் கஷ்டம். அந்த ஓர் அங்குல மனுஷனுக்கு முகத்தில் வண்ணம் பூசினவன் இவன். அன்றைக்கு முழுக்க விமானத்தைத் தொடவே இல்லைன்னு அவன் அப்பா என்கிட்டச் சொன்னார். போர்ப் புத்தி வந்ததா நண்பரே? (நீண்ட கைதட்டல்)

அப்பத்தா அதோட விடலை. “எங்க அப்பச்சி பர்மாவிலேருந்து நடந்து வந்தாக. அப்ப மேல பறந்ததும் இதுதானா?”ன்னாக. இந்தச் சபையில் பர்மான்னு சொன்னா எத்தனை வீட்டில் பெருமூச்சு வரும்னு எனக்குத் தெரியும். 1942-இல் கடையும் கணக்கும் தேக்கும் விட்டுட்டு, உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு வந்தவங்க பேரப்பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கீங்க. தம்பி மறுபடி தேடினான். இது இல்லை, ஆனா ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ பேர் 79ஆம் அணிக்கும் உண்டு. அந்த அணி 1942-இல் இந்தியாவுக்கு வந்து, பர்மாப் போர்முனையில் முதலில் ஹரிகேன், 1944-லேருந்து தண்டர்போல்ட் விமானங்களோட சண்டை போட்டிருக்கு. நடந்து வந்தவங்களுக்கு அது உதவலை, அவங்க வந்து சேர்ந்த பிறகுதான் அது போச்சு. அப்பத்தா கேட்டுக்கிட்டாக. அப்புறம் தன் அப்பச்சி நடந்த வழியைச் சொல்ல ஆரம்பிச்சாக. அந்த வீட்டில் அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம், அவுகளும் சொன்னதில்லையாம். மகனும் பேரனும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து கேட்டிருக்காங்க. டி.வி. போடலை. (சிரிப்பு) மன்னிக்கணும், இந்த நிகழ்ச்சியே டி.வி.யில்தான் வருது.

தம்பி இப்ப 79ஆம் அணியோட தண்டர்போல்ட் வேணும்னு சிங்கப்பூர் மாமாவுக்குச் சொல்லியிருக்கான். அப்பத்தா ஒரு நிபந்தனை போட்டிருக்காக: உள்ளே ஆளை உட்கார வைக்கிறதுக்கு முந்தி, கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு அவுகளுக்குக் காட்டணுமாம்.

மணி அடிச்சுட்டீங்க, நடுவர் அவர்களே. உட்கார்றேன்.