படம் முகநூலில் மட்டும் இருந்தால் போதாது



முகநூல், புலனம் எல்லாம் கொஞ்ச நாள் மோகம் என்கிறார்கள் நம் பெரியவர்கள் சிலர். 2007 நவம்பர் 25-ஐ நினைத்துப் பாருங்கள். கோலாலம்பூர் ஹிண்ட்ராஃப் பேரணிக்கு ஆயிரக்கணக்கில் நம் மக்கள் திரண்டார்களே, நாளிதழ் விளம்பரமா கூட்டியது? குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வாய்வழிச் செய்தியும்தான். அடுத்த மார்ச் 8-இல் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது, பேராக்கும் கைமாறியது. இணையப் போரில் தோற்றோம் என்று அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவியே ஒப்புக்கொண்டார். இந்தப் பழக்கம் போகாது.

ஆனால் கடை மாறும். அன்று நம் பிள்ளைகள் ஃபிரண்ட்ஸ்டரே கதியென்று கிடந்தார்கள். 2009-இல் அதை வாங்கியது எம்ஓஎல் என்ற மலேசிய நிறுவனம். நம் நாட்டுக்காரன்தானே என்ற தெம்பு வேறு! 2011 மே 31-க்குப் பிறகு படங்களும் பதிவுகளும் அழிக்கப்பட்டன. முன்கூட்டியே சொன்னார்கள்தான். எத்தனை பேர் இறக்கி வைத்தோம்?

இன்று துண்டாடப்பட்ட தோட்டங்களின் கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாட்டுப் படங்கள் யாரோ ஒருவர் முகநூலில் மட்டும் கிடக்கின்றன. அவர் கணக்கு முடங்கினால் அதோடு சரி. இந்தக் கோயில் எப்போதிருந்து இங்கே இருக்கிறது என்று நில அலுவலகத்தில் கேட்டால் எதைக் காட்டுவீர்கள்?

புலனத்தில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். வன்தட்டில் ஏற்றுங்கள், இரண்டு வீடுகளில் வையுங்கள். முக்கியமானதை அச்சிட்டு, பின்புறம் தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆண்டு எழுதுங்கள். விவரம் தெரிந்த பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.