சரளைப் பாதையில் மிதிவண்டி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இங்கிலாந்தின் வட எல்லையில் கீல்டர் என்னும் பெருங்காடு உளது. 1926 முதல் அரசு வனத்துறையார் நட்டு வளர்த்த காடு அது. வெட்டிய மரத்தை லாரியில் கொணரக் குன்றுகளின் மீது சரளை பரப்பி அமைத்த பாதைகளே இன்று மிதிவண்டியாளரின் வழிகளாயின. 2016இல் 200 கிலோமீட்டர் நெடும்பயணம் ஒன்றும் அங்குத் தொடங்கப்பெற்றது.

சென்ற கோடையில் என் மகனோடு, ஏரியைச் சுற்றிவரும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர் வழியில் நானும் சென்றேன். முதல் மேட்டிலேயே பின்தங்கினேன். டயரில் காற்றை இறுக அடைத்திருந்தமையால் ஒவ்வொரு கல்லும் முதுகில் இடித்தது. மகன் திரும்பி வந்தான்.

“கல்லோடு போராடாதீர்கள், அப்பா” என்று கூறிக் காற்றைச் சற்றே குறைத்தான். அகன்ற டயர் கல்லைத் தழுவி ஓடிற்று.

காட்டில் பல இடங்களில் கைபேசி இயங்காது. உணவு, மாற்று டியூப், பம்பு மூன்றும் உடன் வேண்டும். மரலாரி வந்தால் நாமே ஒதுங்குதல் முறை.

நம் காலனித் தெருவில் அவனுக்கு மிதிவண்டி பழக்கியவன் நான். அன்று அவனே ஆசிரியன். பிள்ளைகள் தொலைவில் சென்றுவிட்டனர் என்று வருந்துகிறோம். அவர்கள் வழியில் நாமும் ஒருமுறை சென்று பார்ப்போமாக. பின்தங்கினால் காத்து நிற்பார்கள்.