கோல்ப் வண்டிக்கு லித்தியம்

கல்கத்தாவில் கோல்ப் கழகம் தோன்றிய 1829-இல் ஆட்டக்காரர் நடந்தே ஆடினர். இன்று முதியோரை மின்வண்டி சுமக்கிறது. நேயர்களே, அவ்வண்டி அவரினும் மிகுதியாகச் சுமப்பது ஈயத்தையே! எட்டு வோல்ட் பாட்டரிகள் ஆறு வைத்தால், எடை ஏறத்தாழ 170 கிலோ. வடித்த நீர் ஊற்றவேண்டும். ஊற்றுபவர் திராவகத்துக்கு அஞ்சவேண்டும். பாதிக்குமேல் மின்சாரத்தைச் செலவிட்டால் ஆயுளும் குறையும். கடைசிக் குழிகளை நெருங்குகையில் வண்டி தளர, முதியவர் வெயிலில் இறங்கி நடக்கிறார்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியின் எடை இதில் மூன்றிலொரு பங்கு இருக்கலாம். மின்னழுத்தம் ஏறக்குறைய இறுதிவரை தளராது. ஆயிரக்கணக்கான முறை மின்னேற்றலாம். விலை அதிகந்தான். அதற்குரிய மின்னேற்றியையும் வாங்குக. பழையது பெரும்பாலும் உதவாது.

சிம்லாப் பக்கத்து நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: உறைநிலைக்குக் கீழே இதற்கு மின்னேற்றலாகாது. குளிர்காலத்தில் வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்துக.