கட்டற்ற மென்பொருளும் நம் இளைஞர் கடமையும்

(கோட்டையூரில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கோட்டையூரில் 1909-ஆம் ஆண்டு தோன்றிய வள்ளல் அழகப்பர், காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தனர். அத்தகைய பொருட்கொடை எல்லார்க்கும் இயலுவதன்று. பொருளின்றி, அறிவாலும் உழைப்பாலும் செய்யத்தக்க கொடையொன்றைக் குறித்தே யாம் இன்று பேசப் புகுந்தோம்.

கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதி மென்பொருள் எனப்படும். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என உரிமை நல்கப்பெற்றது கட்டற்ற மென்பொருள். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இவ்வகையது. பல நாட்டார் உழைப்பால் வளர்ந்து, இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகட்கும் அடிப்படையாய் நிற்கின்றது. தமிழிலும் இதனையொத்த பணி உண்டு. முனைவர் கலியாணசுந்தரம் முதலியோர் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றி, ஒருவர் தட்டெழுத மற்றொருவர் பிழைதிருத்த, நம் நூல்களை இணையத்தில் ஏற்றினர்.

“யாம் பொறியியல் கற்றிலேம், எங்ஙனம் புகுவது?” என்பீர். நம் முன்னோர் பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய முறையை நினைமின். பெட்டியடிப் பையனாய்ப் புகுந்தவன் ஏவிய சிறுபணி செய்து, கணக்கெழுதுவோரைப் பார்த்துக் கற்று, அடுத்தாளாகி, நாளடைவில் மேலாளாகிக் கடையையே நடத்தினான். வந்த அன்றே பெட்டிச்சாவி கேட்டவன் ஒருவனுமிலன்.

இங்கும் அம்முறையே. முதலில் மென்பொருளைப் பயன்படுத்துக. பிழை கண்டால், எப்பதிப்பில், என் செய்தபோது, யாது நிகழ்ந்தது எனத் தெளிவுற எழுதியனுப்புக. அதனை முன்னரே பிறர் தெரிவித்துளரோ என்றும் தேடிப் பார்க்க. பின்னர் விளக்கக் குறிப்புகளைத் திருத்துக, தமிழாக்கஞ் செய்க. அதன்மேற் பைத்தான் போன்றதொரு நிரல்மொழியும், மாற்றங்களைப் பதிந்து காக்கும் கிட் என்னும் கருவியும் பயில்க.

இவற்றினும் அரிது பணிவு. யாம் பண்டிதர் என்னும் செருக்கோடு ஒரு மென்பொருளுக்கு நாற்பது சொற்களைத் தமிழாக்கி அனுப்பினோம். பதினொன்று திரும்பின. திருப்பியவர் எம் மாணாக்கர் வயதினர். சினந்தோம். ஆறியபின் நோக்கினால், வழக்கிலுள்ள ‘கோப்பு’ என்னுஞ் சொல்லை விடுத்து யாம் இட்ட புதுச்சொல் ஒருவர்க்கும் விளங்காது. வேறு சில, பொத்தானுக்குள் அடங்கா. அவ்விளைஞர் கூற்றே சரி. திருத்தி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டனர். அன்று யாமும் பெட்டியடிப் பையனாயினோம்.

அன்பர்களே! நம் மக்கள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் இவ்வகை மென்பொருள்களைக் கைக்கொண்டே பொருளீட்டுகின்றனர். தமிழாக்கஞ் செய்வாரில்லையேல் நம் பேரப்பிள்ளைகள் கணினியைப் பிறமொழியிலேயே காண்பர். பற்று மட்டும் வளர்ந்து வரவே காணாத பேரேடு நம்மனோர்க்கு அழகன்று. வாரத்தில் ஒருமணி நேரமேனும் இப்பணிக்கு ஈயுமாறு வேண்டி அமைகின்றோம்.