பெக்கப்பின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கலாமா?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்க அலுவலகக் கம்பியூட்டரின் பாஸ்வேர்டைப் பற்றிச் சில வார்த்தை பேச வந்திருக்கிறேன். “அது ஆபீஸ் வேலை, கொழுந்தெடுக்கிற நமக்கென்ன?” என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் பணத்துக்கான அத்தாட்சி அதற்குள்தான் இருக்கிறது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளக்காரர் விலகும்போது, ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகக் கிடைக்க வேண்டும். தோட்டத்துப் பதிவில் மூன்று வருடம் விடுபட்டால் 42 நாள் சம்பளம் போய்விடும். சேமலாப நிதியில் நம் பங்கு நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்கு நூற்றுக்கு 12. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால், அந்தப் பணத்துக்காக எத்தனை தடவை டவுனுக்கு அலைய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் நமக்குக் கைகொடுப்பது பழைய சம்பளத் துண்டும், பிறப்புச் சான்றிதழும், சங்கம் எழுதிய கடிதங்களின் நகலும்தான். இவற்றையெல்லாம் இப்போது ஸ்கேன் செய்து கம்பியூட்டரில் வைத்திருக்கிறோம்.

கடதாசி இல்லாமல் நம் மக்கள் பட்ட பாடு கொஞ்சமா? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. இங்கேயே பிறந்தும் அதைக் காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, உயிர்களோடு லயத்திலிருந்த பெட்டிகளும் புதைந்தன. அதனால்தான் ஒரு நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்கிறோம்.

கம்பியூட்டரில் இருப்பதை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பதுதான் பெக்கப். அந்த டிஸ்க் களவு போனாலும் உங்கள் அடையாள அட்டை இலக்கம் பிறர் கைக்குப் போகாதபடி, பாஸ்வேர்ட் போட்டு அதைப் பூட்டலாம். பூட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் தொலைந்தால், மென்பொருளைச் செய்த கம்பெனியாலும் திறந்து தர முடியாது. நகல் இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: கம்பியூட்டரைத் திறக்கும் பாஸ்வேர்ட் வேறு, பெக்கப்பைத் திறக்கும் பாஸ்வேர்ட் வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. இரண்டையும் தனித்தனியே எழுதி வையுங்கள்.

இரண்டு: பாஸ்வேர்டை மாற்றினாலும் பழையதை வீசிவிடாதீர்கள். போன வருடம் பூட்டிய நகலுக்குப் போன வருடப் பாஸ்வேர்ட்தான் தேவைப்படும். கம்பியூட்டர் பழுதாகி, ஜனவரி நகலிலிருந்து முழுவதையும் மீட்டால், உள்ளே போகவும் ஜனவரியில் இருந்த பாஸ்வேர்டையே கேட்கலாம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று குறியுங்கள்.

மூன்று: அந்தக் கடதாசியைக் கம்பியூட்டரில் ஒட்டி வைக்கக் கூடாது, டிஸ்க்கோடும் கட்டி வைக்கக் கூடாது. களவெடுப்பவனுக்குப் பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். கம்பியூட்டருக்குள் மட்டும் எழுதி வைத்தால், அது பழுதாகும் நாளில் அந்தக் குறிப்பும் போய்விடும்.

அப்படியானால் யாரிடம் வைப்பது? மரண உதவிச் சங்கக் கணக்கில் ஒருவர் கையெழுத்தை மட்டும் வைத்துப் பணம் எடுக்க விடுவோமா? இதற்கும் அதே முறைதான். இரண்டு கடித உறைகளில் எழுதி ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் தலைவரும் செயலாளரும் கையெழுத்திடட்டும். ஒன்று செயலாளரிடமும், மற்றது வேறு கட்டடத்தில் பொருளாளரிடமும் இருக்கட்டும். உறையைத் திறப்பதானால் இருவர் முன்னிலையில் திறந்து, கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும். பொறுப்பிலிருப்பவர் மாறினால் அன்றே பாஸ்வேர்டை மாற்றிப் புது உறை போட வேண்டும். சங்கத்தின் பெயர், தோட்டத்தின் பெயர், தொலைபேசி இலக்கம் எதையும் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். யாரும் ஊகித்துவிடலாம்.

“என்னை நம்பவில்லையா?” என்று அலுவலகத்தில் வேலை செய்பவர் கேட்கலாம். அவரை நம்புகிறோம். ஆனால் அவருக்கும் காய்ச்சல் வரும், கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை கிடைக்கும். நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் அவர் மீது பழி விழாமல் காப்பதும் இந்த முறைதான்.

கடைசியாக ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கமிட்டியின் முன்னால் பெக்கப் டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். பென்ஷன் வயதை நெருங்கிய ஓர் அம்மாவின் பெயரைச் சொல்லி, அவருடைய பைலை எடுக்கச் சொல்லுங்கள். அது திரையில் வந்தால்தான் நம்மிடம் பெக்கப் இருக்கிறது என்று சொல்லலாம். வராவிட்டால், மூலப் பதிவு கையில் இருக்கும்போதே புது நகல் எடுத்துவிடலாம்.

இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.